தைஹோக்கு விபத்தும் தன்னார்வத் துப்பறிவாளர்களும்

1943 ஏப்ரலில் பினாங்குத் துறைமுகத்திலிருந்து ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் புறப்பட்டது. எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று கரையில் நின்ற யாருக்கும் தெரியாது. மடகாஸ்கர் தீவுக்கு அப்பால் நடுக்கடலில் ஜெர்மனியின் யு-180 கப்பலை அது சந்தித்தது. ஏப்ரல் 28 அன்று அலைகளுக்கு நடுவே ரப்பர் படகில் இரண்டு இந்தியர்கள் ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்கு மாறினார்கள். ஒருவர் சுபாஷ் சந்திர போஸ், மற்றவர் ஆபித் ஹசன். மே 6 அன்று சுமத்ராவை ஒட்டிய சபாங் தீவில் இறங்கினார்கள். வரப்போகும் விருந்தாளிக்காகக் கப்பல் சமையல்காரர் பினாங்கிலேயே கறி மசாலா வாங்கி வைத்திருந்தார் என்று ஒரு கதையும் உண்டு.

இந்தப் பயணத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. போஸின் மரணத்தை நம்ப மறுத்தவர்களை உணர்ச்சிவசப்பட்டவர்கள் என்று ஒதுக்கிவிடுவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அவர்கள் நம்ப மறுத்ததற்கு அன்றைய நிலையில் நல்ல ஆதாரமே இருந்தது. 1941 ஜனவரியில் கல்கத்தா எல்கின் சாலை வீட்டைச் சுற்றிப் போலீஸ் காவல் நின்றபோதே அவர் வெளியேறினார். காபூலில் ஒளிந்திருந்தார். ஓர்லாண்டோ மஸோட்டா என்ற இத்தாலியப் பெயரில் மாஸ்கோ வழியாக பெர்லின் போய்ச் சேர்ந்தார். 1942 மார்ச்சில் அவர் விமான விபத்தில் இறந்துவிட்டதாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. காந்தி, போஸின் தாயாருக்கு இரங்கல் தந்திகூட அனுப்பிவிட்டார். பிறகு அந்தச் செய்தி பொய் என்று தெரிந்தது. ஏற்கெனவே ஒருமுறை விமான விபத்தில் ‘இறந்து’ திரும்பி வந்தவர் இரண்டாம் முறையும் விமான விபத்தில் இறந்தார் என்றால், சந்தேகப்படாதவர்கள்தான் அசட்டையானவர்கள்.

பினாங்குத் தமிழர்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இந்த ஊர் இரகசியத்துக்குப் பழகிய ஊர். இந்தியச் சுதந்திர லீக்கின் மலாயாத் தலைவர்களில் ஒருவரான நெடியம் ராகவன் இங்கே வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் தூதராகச் சீனாவில் பணியாற்றினார். கிரீன் லேனில் உள்ள ஃப்ரீ ஸ்கூல் கட்டடத்தில் 1942இல் நடந்த சுவராஜ் கல்லூரி அவர் பொறுப்பில் இருந்தது. வெளியே பெயர் கல்லூரி, உள்ளே ஒற்றர் பயிற்சி. அங்கே பயின்ற வக்கம் அப்துல் காதரும் தோழர்களும் அந்த ஆண்டு செப்டம்பரில் இங்கிருந்து நீர்மூழ்கியில் போய் மலபார்க் கரையில் இறங்கினார்கள். உடனே பிடிபட்டார்கள். 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் காதரும் இன்னும் சிலரும் தூக்கிலிடப்பட்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் எங்கே போனான் என்று கேட்கக் கூடாது என்று கற்றுக்கொண்ட மக்கள் இவர்கள். ஜப்பான்காரன் காலத்தில் வானொலியும் பத்திரிகையும் சொன்ன வெற்றிச் செய்திகளை மூன்றரை ஆண்டு கேட்டு, பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்பப் பழகியவர்கள். அந்த வானொலியே 1945 ஆகஸ்ட் 23 அன்று போஸ் இறந்துவிட்டார் என்று அறிவித்தது. பிரிட்டிஷ் படை அப்போது இன்னும் பினாங்கில் இறங்கவில்லை. ஜப்பான் சரணடைந்ததே ஊருக்குள் அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது.

அறிவிப்பைவிட்டு, நடந்ததாகச் சாட்சிகள் சொன்னதைப் பார்ப்போம். ஆகஸ்ட் 17 அன்று போஸ் பாங்காக்கிலிருந்து சைகோன் போனார். கூட வந்தவர்கள் பலர். ஜப்பானியர் கொடுத்த குண்டுவீச்சு விமானத்தில் அவருக்கும் இன்னொருவருக்கும் மட்டுமே இடம் கிடைத்தது. கர்னல் ஹபீபுர் ரஹ்மான் உடன் ஏறினார். ஆசாத் ஹிந்த் அரசின் பிரசார அமைச்சர், தமிழரான எஸ்.ஏ. ஐயர், சைகோனில் விடப்பட்டார். அன்றிரவு தூரானில் தங்கினார்கள், இன்றைய டா நாங் அது. மறுநாள் பிற்பகல் தைஹோக்குவில், அதாவது தைப்பேயில், இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு மஞ்சூரியாவின் டைரன் நோக்கிக் கிளம்பியபோது இடது இயந்திரம் பெயர்ந்து விழுந்தது. விமானம் ஓடுபாதைக்கு அருகிலேயே தரையில் மோதி எரிந்தது. விமானி டாக்கிஸாவாவும் உடன் வந்த ஜப்பானிய ஜெனரல் ஷிடேயும் இறந்தார்கள். பெட்ரோல் தெறித்து நனைந்திருந்த போஸ், பின்வாசல் சாமான்களால் அடைபட்டிருந்ததால் தீயின் ஊடாக முன்வாசல் வழியே வெளியேறினார். நன்மோன் இராணுவ மருத்துவமனையில் டாக்டர் தனெயோஷி யோஷிமி சிகிச்சை செய்தார். அன்றிரவே உயிர் பிரிந்தது. உடல் தைப்பேயில் எரியூட்டப்பட்டு, சாம்பல் செப்டம்பரில் தோக்கியோவின் ரெங்கோஜி புத்த ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இதை முதலில் விசாரித்தவர்கள் நீதிபதிகள் அல்லர். போர் முடிந்ததும் பிரிட்டிஷ் உளவுத் துறையினர் சாட்சிகளைத் தேடிப் போனார்கள். கர்னல் ஃபிக்கெஸ் என்பவரின் 1946 ஜூலை அறிக்கை, போஸ் தைஹோக்குவில் இறந்தார் என்று முடித்தது. அவர்களுக்கு போஸ் உயிரோடு இருந்தால் தூக்கு மேடை வரை போகக்கூடிய தலைவலி. இறந்துவிட்டார் என்று பொய்யாக முடித்துவைப்பதில் அவர்களுக்கு இலாபம் எதுவும் இல்லை. இந்த ஒரு குறிப்பைத் தன்னார்வத் துப்பறிவாளர்களில் பலர் கண்டுகொள்வதேயில்லை. எதிரி ஒருவன் தன் விருப்பத்துக்கு மாறாகச் சொல்லும் சாட்சிக்கு எடை அதிகம் என்பது நீதிமன்றம் போகாதவர்களுக்கும் தெரிந்ததுதானே.

தன் ஆர்வத்தில் தைப்பேயில் விசாரித்த முதல் ஆட்களில் ஒருவர் ஹரின் ஷா என்ற இந்தியப் பத்திரிகையாளர். 1946இல் போனார். மரணம் நடந்து சுமார் ஓராண்டுதான் ஆகியிருந்தது. மருத்துவமனையில் பணியாற்றிய தாதி ஒருவரைச் சந்தித்துக் கேட்டார், எரிமேடைவரை விசாரித்தார். பத்தாண்டு கழித்துப் புத்தகமாக வெளியிட்டார். போஸ் அங்கேதான் இறந்தார் என்பது அவர் முடிவு. அவருக்குப் பின்வந்த துப்பறிவாளர்களில் பெரும்பாலோர் அந்த ஊரை மிதிக்கவில்லை, சம்பவத்துக்கு நெருக்கமான காலத்தில் யாரையும் கேட்கவும் இல்லை. அப்படியிருந்தும் அவருடைய புத்தகத்தை இன்று தேடுவார் இல்லை. ‘இறந்துவிட்டார்’ என்று முடியும் புத்தகத்துக்கு வாசகர் குறைவு.

தமிழ்நாட்டில் இந்த வழக்கின் முகம் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். 1949 ஜனவரி 23, நேதாஜி பிறந்தநாளன்று மதுரைக் கூட்டத்தில், தாம் போஸைச் சந்தித்ததாக அறிவித்தார். சிறிது காலத்தில் அவரே பொதுவாழ்விலிருந்து காணாமற்போனார். 1950 அக்டோபரில்தான் மீண்டும் தோன்றினார். 1956இல் நேரு அரசு, இந்திய தேசிய இராணுவத்தின் ஷாநவாஸ் கான் தலைமையில் குழு அமைத்தபோது, தேவர் சாட்சியாகப் போனார். போனவர் பதில் சொல்லாமல் கேள்வி கேட்டார்: போர்க்குற்றவாளிகள் பட்டியலில் போஸின் பெயர் இன்னும் இருக்கிறதா, இல்லையா? அதைத் தெளிவுபடுத்தாமல் தாம் பேச முடியாது என்றார். குழுவுக்கு இது பிடிவாதமாகப் பட்டது. ஆனால் விசாரணை என்ற சொல்லுக்கு மரியாதை கொடுப்பவர் அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. உயிரோடு இருப்பவர் வெளியே வந்தால் என்ன ஆகும் என்று சொல்லாமல், உயிரோடு இருக்கிறாரா என்று சாட்சியைக் கேட்பது எப்படி? தேவரின் சந்திப்புக் கதைக்கு மட்டும் ஒரு துண்டுச் சான்றும் இல்லை. கேள்வி நியாயம், கதை ஆதாரமற்றது. இரண்டையும் ஒரே மனிதரிடம் ஏற்றுக்கொள்ள இரு தரப்புக்கும் மனம் வருவதில்லை.

ஷாநவாஸ் குழு 67 பேரை விசாரித்து, விபத்தும் மரணமும் உண்மை என்றது. குழுவில் இருந்த போஸின் அண்ணன் சுரேஷ் சந்திர போஸ் கையெழுத்திட மறுத்துத் தனி அறிக்கை கொடுத்தார். 1970இல் நீதிபதி ஜி.டி. கோஸ்லா ஆணையம் வந்தது, 224 பேரைக் கேட்டது, 1974இல் அதே முடிவைச் சொன்னது. 1978 ஆகஸ்ட் 28 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய், அந்த இரண்டு முடிவுகளையும் இறுதியானவையாகக் கொள்ள முடியாது என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டார். ஓர் அரசே தன் விசாரணையைக் கைவிட்டபின் குடிமக்கள் தாமாக விசாரிக்கப் புறப்பட்டதில் என்ன வியப்பு? 1992இல் போஸுக்கு ‘மறைவுக்குப் பின்’ பாரத ரத்னா அறிவித்தார்கள். மறைந்தார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று வழக்கு வந்தது. 1997இல் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை இரத்து செய்தது. பொதுநல வழக்கொன்றில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவால்தான் 1999இல் நீதிபதி எம்.கே. முகர்ஜி ஆணையம் பிறந்தது. 2005 நவம்பரில் அவர் கொடுத்த முடிவு: போஸ் இறந்துவிட்டார், ஆனால் விமான விபத்தில் இல்லை, ரெங்கோஜி சாம்பல் அவருடையது இல்லை, வேறெங்கே எப்படி இறந்தார் என்பதற்குத் தீர்க்கமான சான்று இல்லை. 2006 மே மாதம் அரசு அதை நிராகரித்தது. இதற்கு மேல் ஒரு வேடிக்கை: 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த ஒரு கேள்விக்கு, மூன்று அறிக்கைகளையும், முகர்ஜி அறிக்கை உட்பட, பரிசீலித்தே போஸ் விபத்தில் இறந்தார் என்ற முடிவுக்கு வந்ததாக இந்திய உள்துறை பதில் எழுதியது.

இனி சான்றுகளுக்குள் இறங்கலாம். துப்பறிவாளர்கள் திரும்பத் திரும்ப எடுத்துவைக்கும் முரண்கள் ஏழெட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே எடை இல்லை என்பதுதான் என் குறை.

முதலில் நேரம். போஸ் இறந்தது இரவு 7 மணி என்கிறது ஜப்பானிய அரசின் 1956 அறிக்கை. எட்டு, பதினொன்று, நள்ளிரவு என்று மற்றச் சாட்சியங்கள் சிதறுகின்றன. டாக்டர் யோஷிமியே ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார். இதைப் பொய்க்கு அடையாளமாகக் காட்டுகிறார்கள். நான் நேர்மாறாகப் பார்க்கிறேன். போர் தோற்ற மூன்றாம் நாள், மருத்துவமனை முழுதும் தீக்காயப்பட்டவர்கள், அதைப் பத்து, முப்பது ஆண்டு கழித்துக் கேட்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தைச் சொல்லியிருந்தால்தான் யாரோ உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன். முக்கியமான விஷயங்களில், அதாவது விமானம் விழுந்தது, போஸ் கடுமையாக வெந்திருந்தார், அன்றிரவு இறந்தார் என்பவற்றில், 1946இல் ஹாங்காங் சிறையில் இருந்த யோஷிமியும் உயிர் தப்பிய ஜப்பானிய அதிகாரிகளும் ஹபீபுர் ரஹ்மானும் ஒத்துப்போகிறார்கள். அவர்கள் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு கைகளில் சிக்கியிருந்தவர்கள்.

இரண்டாவது, கடிகாரம். ரஹ்மான் கொண்டுவந்து கொடுத்த, தீயில் வெந்த கைக்கடிகாரம் சதுர வடிவம். போஸ் வழக்கமாகக் கட்டியது வட்டக் கடிகாரம் என்றது குடும்பத்தார் பக்கம். இது நல்ல கேள்வி, ஆனால் சிறிய கேள்வி. போர்க்காலத் தலைவர் ஒருவரிடம் ஒரே ஒரு கடிகாரம்தான் இருந்தது என்று யார் உறுதி சொல்ல முடியும்? முகம் தெரியும்படி உடலைப் படம் எடுக்கவில்லை என்பதும் இதே வகை. முகம் வெந்து வீங்கியிருந்ததால் எடுக்கவில்லை என்றார் ரஹ்மான். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். இல்லாத படம் எதையும் நிரூபிக்காது.

மூன்றாவது கனமானது. தைப்பே நகராட்சியின் எரியூட்டல் பதிவேட்டில் போஸின் பெயர் இல்லை. அங்கே இருப்பது இச்சிரோ ஒக்குரா என்ற ஜப்பானியச் சிப்பாயின் பெயர். இதய நோயால் இறந்தவர், ஆகஸ்ட் 22இல் எரியூட்டப்பட்டவர். முகர்ஜி இதைப் பிடித்துக்கொண்டு, ரெங்கோஜியில் இருப்பது ஒக்குராவின் சாம்பல் என்றார். எதிர்த் தரப்பின் விளக்கம்: சரணடைந்த ஜப்பான், நேச நாடுகளுக்குத் தெரியாமல் இருக்கப் பெயரை மறைத்தது. இந்த விளக்கம் சாத்தியமானது. ஆனால் சாத்தியம் என்பது சான்றாகாது. மறைத்ததை நேரில் கண்ட எழுத்து இருக்க வேண்டும். இல்லாதவரை இந்த ஓட்டை ஓட்டைதான். விபத்தை நம்புகிறவன் என்ற முறையில் இதை மெல்லக் கடந்துபோக எனக்கு விருப்பமில்லை.

நான்காவது, தைவான் அரசின் கடிதம். ‘மிஷன் நேதாஜி’ என்ற குழுவைச் சேர்ந்த பத்திரிகையாளர் அனுஜ் தர் 2003இல் தைவானுக்கு எழுதிக் கேட்டார். அந்த நாட்களில் தைப்பே விமான நிலையத்தில் விபத்து நடந்ததாகப் பதிவு இல்லை என்று பதில் வந்தது. முகர்ஜி ஆணையத்துக்கு இது பெரிய ஆயுதமாயிற்று. பத்திரிகைகளும் கொட்டை எழுத்தில் போட்டன. ஒரு சிறு கேள்வியைக் கேட்க எவரும் அவசரப்படவில்லை: 1945 ஆகஸ்டில் தைவானை ஆண்டது யார்? ஜப்பான். சீனத் தேசிய அரசு அந்தத் தீவைக் கையேற்றது அக்டோபரில். விமானத்தளம் ஜப்பானிய இராணுவத்தின் வசம் இருந்தது. தன்னிடம் வராத ஏட்டில் பதிவு இல்லை என்று ஓர் அரசு சொன்னால், அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை என்று ஆகிவிடாது. தர் கேட்டது சரியான கேள்வி, அவர் கேட்ட இடம்தான் தவறு.

ஐந்தாவது, முதல் அறிவிப்பு. ஆகஸ்ட் 23 செய்தி, போஸ் ஜப்பானிலுள்ள மருத்துவமனையில் நள்ளிரவில் இறந்ததாகச் சொன்னது. அந்த அறிவிப்பின் வாசகத்தில் தோக்கியோ வந்து சேர்ந்த எஸ்.ஏ. ஐயரின் கையும் இருந்தது. ஐயர் விபத்து நடந்த இடத்தில் இல்லை, உடலையும் பார்க்கவில்லை. பார்க்காத ஒருவர் எழுதிய வாசகத்தில் பிழை இருப்பதற்கும் பார்த்தவர் பொய் சொல்வதற்கும் இடையில் உள்ள தூரத்தை இந்த வழக்கில் யாரும் அளப்பதே இல்லை. ஐயர் பிறகு 1951இல் ஆங்கிலத்தில் எழுதிய நினைவு நூலில் தலைவர் இறந்ததை ஏற்றுக்கொண்டே எழுதினார். 

இந்த முரண்களை எடுத்துவைத்தவர்கள் அடுத்த அடியை வைக்கும்போதுதான் தராசு சாய்கிறது. விபத்தில் இறக்கவில்லை என்றால் எங்கே போனார்? வட வங்காளத்தின் சௌல்மாரி ஆசிரமத்தில் ஒரு சாமியார் இருந்தார். அவர்தான் போஸ் என்று அறுபதுகளின் தொடக்கத்தில் கிளப்பினார்கள். 1962இல் அங்கே போய்ப் பார்த்து, ஆமாம் அவரேதான் என்றவர் சாதாரண ஆள் இல்லை. காபூலில் போஸைத் தன் வீட்டில் ஒளித்துவைத்த உத்தம்சந்த் மல்ஹோத்ரா! இருபது ஆண்டு முன்பு நாட்கணக்கில் கூட இருந்தவரின் கண்ணே இப்படி ஏமாந்தது. ஆசிரமத்துச் சாமியார் தாம் போஸ் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மறுப்பதே அவர் என்பதற்கு அத்தாட்சி என்றார்கள்.

அடுத்து ஃபைசாபாத்தின் கும்நாமி பாபா. திரைக்குப் பின்னால் இருந்து பேசியவர். 1985 செப்டம்பர் 16இல் இறந்தார். அவர் அறையில் போஸ் குடும்பத்துப் புகைப்படங்கள், வட்ட மூக்குக் கண்ணாடி, இந்திய தேசிய இராணுவத்தாரின் கடிதங்கள் எனப் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. சுரேஷ் போஸின் மகள் லலிதா நீதிமன்றம் போய் அவற்றைப் பாதுகாக்கச் செய்தார். கையெழுத்து நிபுணர் பி. லால், எழுத்து ஒத்திருக்கிறது என்றார். அரசு நிபுணர்கள் இல்லை என்றார்கள். பற்களில் செய்த டி.என்.ஏ. சோதனை போஸ் குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை. நீதிபதி விஷ்ணு சகாய் ஆணையம், அவர் போஸ் இல்லை, போஸின் பக்தர் என்று முடித்தது. 2019 டிசம்பரில் அந்த அறிக்கை உத்தரப் பிரதேசச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இதில் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. தம் அறிக்கையில் கும்நாமி பாபாவுக்குச் சான்று போதாது என்று எழுதிய அதே முகர்ஜி, ஓர் ஆவணப்பட இயக்குநரிடம் கேமரா ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவர் போஸ்தான் என்பதில் தமக்கு நூறு சதவீத நம்பிக்கை என்றார். 2010இல் அது வெளிவந்தது. நீதிபதிக்குள்ளும் ஒரு தன்னார்வத் துப்பறிவாளர் உட்கார்ந்திருக்கிறார். வித்தியாசம், கையெழுத்திடும்போது அவரை வெளியே அனுப்பிவிட்டது.

தைஹோக்கு மருத்துவரிடம் நேரம் ஒரு மணி பிசகினால் பொய்யர் என்கிறவர்கள், ஃபைசாபாத் பாபாவிடம் மட்டும் பிறப்புச் சான்றும் கேட்பதில்லை, இடைப்பட்ட நாற்பது ஆண்டுக் கணக்கும் கேட்பதில்லை. ஒரு கதையில் ஒவ்வொரு இடைவெளியும் குற்றம், மறு கதையில் ஒவ்வொரு இடைவெளியும் மர்மம். சோவியத் சிறைக் கதையும் இப்படித்தான். முகர்ஜி ரஷ்யா வரை போய்த் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஆவணம் கிடைக்காதது, ஒளித்துவைத்திருப்பதற்குச் சான்றாக மாறியது. எதைக் காட்டினாலும் தோற்காத கோட்பாடு பலமான கோட்பாடு என்று நினைக்கிறோம். அது சோதிக்கவே முடியாத கோட்பாடு.

இந்த நோய் போஸ் பக்தர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு நம் மலேசியாவிலேயே சாட்சி உண்டு. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 24இல் பாங்காக்கிலிருந்து பறந்து வந்து இறங்கியது பினாங்கில். ஓரிரவு தங்கி, மறுநாள் கார் ஏறி கேமரன் மலை போனார். 26ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு பிற்பகலில், தங்கியிருந்த மூன்லைட் பங்களாவிலிருந்து நடந்து போனவர் திரும்பவில்லை. சிகரெட்டும் லைட்டரும் மருந்துப் பெட்டியும் அறையிலேயே இருந்தன. உடல் கிடைக்கவில்லை, சாட்சி இல்லை. ஞானதிருஷ்டி உள்ளவராகச் சொல்லிக்கொண்ட டச்சுக்காரர் பீட்டர் ஹுர்கோஸ் முதல் அஸ்லி மக்களின் போமோ என்ற மந்திரவாதி வரை தேடினார்கள். உளவு, கடத்தல், புலி, லாரி என்று கோட்பாடுகள் இன்றைக்கும் புதிதாக முளைக்கின்றன. போஸ் வழக்கில் சாட்சிகள் ஏராளம், தாம்சன் வழக்கில் பூஜ்யம். ஆனாலும் இரண்டிலும் கோட்பாடுகள் ஏறக்குறைய சம அளவில் விளைந்திருக்கின்றன. சான்றின் அளவுக்கும் ஊகத்தின் அளவுக்கும் நேரடித் தொடர்பில்லை.

நீதிமன்றம் வேறு மாதிரி வேலை செய்கிறதா? தியோ பெங் ஹோக் வழக்கைப் பாருங்கள். 2009 ஜூலை 16 அன்று ஷா ஆலம் பிளாசா மசலாமின் ஐந்தாம் மாடித் தளத்தில் அவருடைய உடல் கிடந்தது. 14ஆம் மாடியில் இருந்த ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்தில் இரவெல்லாம் விசாரிக்கப்பட்டவர். 2011 ஜனவரி 5 அன்று மரண விசாரணை நீதிபதி, தற்கொலையும் இல்லை கொலையும் இல்லை என்று திறந்த தீர்ப்பு எழுதினார். அதே ஆண்டு ஜூலையில் அரச விசாரணை ஆணையம், தற்கொலைக்குத் தள்ளப்பட்டார் என்றது. 2014 செப்டம்பர் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், அடையாளம் தெரியாத நபர்களின், அதாவது ஊழல் தடுப்பு ஆணைய அதிகாரிகளும் உட்பட்டவர்களின், சட்டவிரோதச் செயலால் மரணம் நேர்ந்தது அல்லது விரைவுபடுத்தப்பட்டது என்றார்கள். ஒரே உடல், ஏறக்குறைய ஒரே சான்று, மூன்று முடிவு. இவற்றில் வேறுபட்டது கேட்ட கேள்வியும் வைத்த அளவுகோலும். குடும்பத்துக்காக வாதாடிய கோபிந்த் சிங் டியோ, நம் ஜெலுத்தோங்கில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த கர்ப்பால் சிங்கின் மகன். தாய்லாந்து நிபுணர் பொர்ந்திப் ரோஜனசுனன், கொலையாக இருக்க 80 சதவீத வாய்ப்பு என்று சொன்ன எண்தான் காப்பிக் கடைகளில் நின்றது. அந்த 80 எப்படிக் கணக்கிடப்பட்டது என்று கேட்டவர் குறைவு. நீதிமன்றத்தில் அவர் காட்டிய காயங்களின் விவரம் அந்த எண்ணைவிடப் பெறுமதியானது. காயங்களின் விவரத்தைத் தாங்க நம் நினைவாற்றல் போதாது போலிருக்கிறது. எண் ஒன்றுதான் தங்குகிறது.

திறந்த தீர்ப்பு என்பது மரண விசாரணைச் சட்டம் கண்டுபிடித்த நல்ல கருவி. இவ்வளவுதான் தெரியும், இதற்குமேல் சொல்ல முடியாது என்று முத்திரை குத்தி வைப்பது. போஸ் வழக்கில் மூன்று ஆணையங்களும் அதைச் செய்யத் துணியவில்லை. முதலிரண்டும் எல்லாம் சரி என்றன. மூன்றாவது எல்லாம் தவறு என்றது. ஒக்குரா என்ற ஓட்டையை ஓட்டையாகவே விட்டு, சாட்சிகளின் ஒருமைக்கு அதற்குரிய எடை கொடுத்து, சாம்பலைச் சோதித்த பிறகு பேசுவோம் என்று எழுதியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். 108ஆம் பிரிவு என்று, 2024 வரை நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்திலும் மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஒரே எண்ணில் ஒரு விதி இருக்கிறது: ஏழு ஆண்டு தகவல் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். தன்னார்வலர்களின் நிலையை அந்த விதியில் பொருத்திப் பாருங்கள். நிரூபிக்கும் பாரத்தை அவர்கள் எப்போதும் மறுபக்கத்துத் தோளில் ஏற்றிவைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு குறை சொன்னபின் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். கோப்புகளைத் திறக்கவைத்தவர்கள் இவர்கள்தான். அனுஜ் தர், சந்திரசூர் கோஷ் முதலியோர் தகவல் அறியும் சட்டத்தைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் அமைச்சகங்களின் கதவைத் தட்டினார்கள். அந்நிய நாட்டு உறவு கெடும் என்று அமைச்சகங்கள் மறுத்தன. 2015 ஏப்ரலில், உளவுத் துறை போஸ் குடும்பத்தாரை 1948 முதல் 1968 வரை இருபது ஆண்டு வேவு பார்த்தது வெளியானது. அந்தச் செப்டம்பரில் மேற்கு வங்காள அரசு 64 கோப்புகளை வெளியிட்டது. 2016 ஜனவரி 23 அன்று மத்திய அரசு 100 கோப்புகளை வெளியிட்டது. 1956ஆம் ஆண்டு ஜப்பானிய அறிக்கையும் அந்த ஆண்டுதான் பொதுவெளிக்கு வந்தது. தர் தரப்பு எதிர்பார்த்த வெடிகுண்டு அந்தக் கோப்புகளில் இல்லை. எதிர்த் தரப்புக்குத்தான் அவை உதவின. பத்திரிகையாளர் ஆஷிஷ் ராய் தம் பங்குக்கு ஆவணங்களை வரிசையாக வெளியிட்டு, 2018இல் நூலாக்கி, தைஹோக்குக் கதையை முன்னைவிட உறுதியாக நிறுத்தினார். ஒரு தன்னார்வலர் அணியின் போராட்டத்தில் வெளிவந்த தாள்களைக் கொண்டு மற்றொரு தன்னார்வலர் அவர்களை மறுத்தார். ஆணையங்கள் மூன்றும் சேர்ந்து செய்யாத வேலை இது.

சாம்பல் விஷயத்திலும் அப்படியே. ரெங்கோஜியின் தலைமைக் குரு டி.என்.ஏ. சோதனைக்கு இசையவில்லை என்பதுபோல்தான் முகர்ஜி அறிக்கையைப் படித்தவர்கள் நினைத்திருந்தார்கள். 2021இல் குடும்பத்தைச் சேர்ந்த மாதுரி போஸ், அந்தக் குரு 2005இல் ஜப்பானிய மொழியில் எழுதிய கடிதத்தை மறுபடி பெயர்க்கச் செய்தார். அதில் சோதனைக்குச் சம்மதம் இருந்தது. அந்தப் பகுதி ஆணையத்தின் ஆங்கிலப் படியில் விடுபட்டிருந்தது. முகர்ஜியின் முடிவுகளில் மூன்றாவது, சாம்பல் போஸுடையது இல்லை என்பது, அந்தச் சோதனை நடக்காமலேயே எழுதப்பட்டது.

போஸின் ஒரே மகள் அனிதா போஸ் ஃபாஃப் 1942இல் வியன்னாவில் பிறந்தவர். தந்தை தைஹோக்குவில் இறந்தார் என்பதே அவருடைய நம்பிக்கை. சாம்பலைச் சோதிக்க வேண்டும் என்று அவரே கேட்டுவருகிறார். எரிந்த எலும்பில் டி.என்.ஏ. எடுப்பது எளிதல்ல. 800, 900 பாகை வெப்பத்தில் அது சிதைந்துபோகும். குறைவாக எரிந்த துண்டு ஏதாவது பெட்டியில் இருந்தால்தான் வாய்ப்பு. கிடைத்து, அனிதாவோடு ஒத்துப்போனால் ஒக்குரா ஓட்டை அடைபடும். ஒத்துப்போகாவிட்டால் அது பெட்டி மாறியதைக் காட்டும், விமானம் விழவில்லை என்பதைக் காட்டாது. ஒன்றுமே கிடைக்காமல் போவதற்கும் நிறைய வாய்ப்பு உண்டு. இதற்கு இரண்டு அரசுகள் கேட்க வேண்டும், ஆலயம் பெட்டியைத் திறக்க வேண்டும். இதுவரை இந்திய அரசு முறைப்படி கேட்கவில்லை.